லிப்ட் அக்கா படியேறிய கதை

காலையில் கட்டடம் திறந்ததும் முதல் ஆளாக வந்து, லிப்டுக்குள் கிடக்கும் முக்காலியைத் துணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தால், லிப்ட் அக்கா எழுந்திருப்பது அபூர்வம். பழைய காலத்து லிப்ட் அது. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருகிப் பிடித்தால்தான் நகரும். கை கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் தரைக்கும் லிப்டுக்கும் நடுவே ஒரு சாண் உயரம் விழுந்து, மேல்மாடிக் கம்பெனிக்காரர் தடுக்கி விழுவார். ஆகவே ஆள் இல்லாமல் அதை விட முடியாது. கீழே ஒரு கூட்டம், மேலே ஒரு கூட்டம், நடுமாடியில் மணியை விடாமல் அமுக்கிக்கொண்டு ஒரு கூட்டம். இதில் கழிப்பறைக்குப் போகிறேன் என்று எழுந்தால் அவ்வளவுதான். ஒரு முறை அப்படிப் போய்விட்டு வந்ததற்குக் கட்டட மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அன்றோடு வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே அவள் நிறுத்திவிட்டாள். நாக்கு வறண்டால் எச்சிலை விழுங்கிக்கொள்வாள். வருஷக்கணக்கில் அப்படியே பழகிவிட்டது.

உட்கார்ந்தே கிடக்கிற உடம்பு என்ன செய்யும்? பெருக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு மாடிக்கு ஒரு கம்பெனி. தினம் எவருக்காவது பிறந்தநாள், பதவி உயர்வு, வழியனுப்பு விழா. மிச்சமான கேக்கும் வறுத்த பண்டமும் இனிப்பும் அட்டைப்பெட்டியோடு லிப்டுக்கு வந்துவிடும். "அக்கா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." அவளும் எடுத்துக்கொண்டு போவாள். பாதி நாள் அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடே அதுதான். அவள் கதவைத் தட்டும்போதே உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுப்பான். "வாக்கா, இன்னிக்கு எந்த மகராசன் பொறந்தான்?"

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் மட்டுமில்லை. அம்மா போனபோது அவன் கைக்குழந்தை; இவள்தான் இடுப்பில் வைத்துக்கொண்டே வளர்த்தாள். இவளைக் கட்டியவன் ஒரு வருஷம்கூடக் குடித்தனம் நடத்தாமல் ஓடிப்போனதும், "நீ எங்கூட இரு, பேசாம வா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் அவன். அவன் வீடு, அவன் பெண்டாட்டி, அவன் மகள், எல்லாம் இவளுக்கும்தான். அவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அவன் பெண்டாட்டி நாலு வீட்டில் துணி துவைத்துக் கொடுப்பவள். கை கடித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிய குடும்பம் அது.

பெயிண்டர் தம்பிக்குக் கால் வீங்கியது. ஏணியில் நின்று நின்று வீங்குகிறது என்று நினைத்தார்கள். முகம் வீங்கியது. பெயிண்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். மூச்சு வாங்கி மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் தெரிந்தது, இரண்டு கிட்னியும் போய்விட்டன. அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினோடு படுக்கை. மெஷின் ஊசி குத்தக் கை ரத்தக்குழாயில் போட்ட இணைப்பு அடைத்துக்கொண்டது. மறுகையிலும் அதே கதை. கடைசியில் கழுத்தில் குழாய் போட்டார்கள். பெண்டாட்டியின் ரத்தம் ஒத்துவரவில்லை. அக்காவின் ரத்தம் அச்சு அசலாக ஒத்துவந்தது.

"எடுத்துக்கோங்க டாக்டர், இப்பவே எடுத்துக்கோங்க" என்று லிப்ட் அக்கா அங்கேயே கட்டிலில் ஏறிப் படுக்காத குறைதான்.

டாக்டரம்மா அவளை எடை மெஷினில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த எடையில உங்களை ஆபரேஷன் பண்ண முடியாதும்மா. சர்க்கரை வேற எல்லையில நிக்குது. நல்லா இருக்கற உங்களைப் படுக்க வெச்சுட்டு அவரை எழுப்பறதுக்கு நாங்க எதுக்கு? ஒடம்பைக் குறைச்சுட்டு வாங்க."

"எவ்வளவு நாள்ல டாக்டர்?"

"சீக்கிரம்தான் வரணும். இந்தக் கழுத்துக் குழாயும் கெட்டுப்போனா, அப்புறம் குழாய் போட அவர் ஒடம்புல இடம் தேடணும்."

லிப்ட் அக்கா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இத்தனை வருஷமாக ஓசியில் வந்ததெல்லாம் அங்கேதான் சேர்ந்து கிடக்கிறது. அதுதான் தம்பிக்கும் உயிருக்கும் நடுவே குறுக்கே நிற்கிறது என்று தோன்றியபோது, அந்தச் சதையைக் கையால் பிய்த்து எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

செய்தி கட்டடம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து லிப்டில் ஏறினவர்களெல்லாம் வைத்தியர்கள்தான். சொல்லுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி நாலு மாடி ஏறுவதற்குள் முழுத் திட்டமே போட்டுக்கொடுத்தாள். "காலையில வெறும் பழம்தான்கா. மத்தியானம் பாதாம், விதைங்க. ராத்திரிக்கு ஆலிவ் எண்ணெயில லேசா வதக்கின காய். வேற எதையும் தொடவே தொடாதீங்க, ஜம்முனு எறங்கும்." எறங்கும், எறங்கும், ஏன் எறங்காது! லிப்ட் அக்கா கடைக்குப் போய் அந்த விதைப் பொட்டலத்தின் விலையைப் பார்த்துவிட்டு, சூடுபட்டது போலக் கையை எடுத்துக்கொண்டாள். கேக் இலவசமாகக் கிடைக்கிறது, காய்கறிக்குக் காசு கேட்கிறார்கள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போனாள். வாசலில் இருந்த கட்டுமஸ்தான ஆள், சேருவதற்கு ஒரு கட்டணம், மாசத்துக்கு ஒரு கட்டணம், சொல்லிக்கொடுப்பவருக்குத் தனி, செருப்பு வைக்கிற பெட்டிக்குத் தனி என்று அடுக்கினான்.

"ஏன் தம்பி, இங்க ஒடம்பைக் குறைப்பீங்களா, இல்ல சொத்தைக் குறைப்பீங்களா?"

அவன் சிரித்தான். இவளும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். தெருமுனை திரும்பியதும் அழுதாள்.

சரி, காசு இல்லாதவனுக்கு என்ன இருக்கிறது? கால் இருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் லிப்டைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். இவள் டப்பாவைத் திறக்காமல் படிக்கட்டுப் பக்கம் போனாள். முதல் நாள் இரண்டாம் மாடியிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பார்த்து, மேலிருந்து இறங்கிய ஒருவர் கேட்டார்.

"என்ன அக்கா, லிப்ட் ரிப்பேரா?"

"லிப்ட் நல்லாத்தான் சார் இருக்கு. நான்தான் ரிப்பேரு."

மறுநாளும் ஏறினாள். அதற்கு மறுநாளும் ஏறினாள். கம்பெனிக்காரர்கள் வீசிய காலித் தண்ணீர் பாட்டில்களில் தெருவோர மணலை அடைத்து, வீட்டில் அதைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தாள். அட்டைப்பெட்டி வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள். அது இல்லாமல் வீட்டுச் செலவு ஏறியது. ஒரு கிலோ காய் வாங்கினால் தம்பி மகளுக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் போக, இவள் தட்டில் விழுவது நாலு துண்டு. அதைத் தின்றுவிட்டுப் பசியோடு எழுந்துவிடுவாள். எழுந்திருக்காவிட்டால் தம்பி பெண்டாட்டியின் பார்வை எழுப்பிவிடும். அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கவளத்தையும் தட்டிலிருந்து வாய் வரை கண்ணாலேயே கூட்டிக்கொண்டு போவாள். அவளையும் என்ன சொல்ல முடியும்? புருஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறான்.

ஒரு நாள் அது வெடித்தது. அன்று தம்பிக்குக் குளிர்சுரம் கண்டு, மெஷினைப் பாதியில் நிறுத்தி அனுப்பியிருந்தார்கள். அன்று பார்த்து லிப்டில் யாரோ ஒரு கேக் துண்டை, "உங்க தம்பி பொண்ணுக்கு" என்று கையில் திணித்துவிட்டுப் போனார்கள். குழந்தைக்கென்றுதான் வாங்கினாள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்ன ஆனதோ, அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பசி அப்படி. இனிப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அண்ணி."

பின்னால் தம்பி பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அது கேக்குன்னு நெனைச்சீங்களா? அவரு உசுரு அண்ணி. அதைத்தான் மென்னுட்டிருக்கீங்க."

லிப்ட் அக்கா வாயில் இருந்ததைக் கையில் துப்பினாள். தம்பி பெண்டாட்டி அப்படியே மடங்கி உட்கார்ந்து, அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். "நான் என்ன பண்ணுவேன் அண்ணி, என் ரத்தம் சேரலையே, சேந்திருந்தா உங்களை நான் ஒரு வார்த்தை கேப்பேனா?" ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டும் ஒருத்தி கையில் எச்சில் கேக்கை வைத்துக்கொண்டும் இரண்டு பேரும் அழுதார்கள். உள் அறையில் படுத்திருந்தவன் எல்லாவற்றையும் கேட்டான்.

வெட்கம் மனுஷியை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று அப்புறம்தான் பார்த்தார்கள். அவள் வெறிபிடித்தவள் போல ஏறினாள், நடந்தாள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நின்றாள். சட்டை தொளதொளத்தது. கன்னம் ஒட்டியது. கட்டடத்தில் பாதிப்பேருக்கு அடையாளமே தெரியவில்லை. தம்பி ஒரு நாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான்.

"போதும்க்கா. நீ எளைக்க எளைக்க எனக்குத்தான் பயமா இருக்கு."

"வாயை மூடு. ஒனக்குக் குடுக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

எடை பார்ப்பதற்குத் தெருமுனைப் பழைய பேப்பர் கடைதான் அவளுக்கு ஆஸ்பத்திரி. மூட்டை நிறுக்கிற பலகைத் தராசில் ஏறி நிற்பாள். கடைக்காரர் முள்ளைப் பார்த்துச் சொல்வார். காசு வாங்கமாட்டார். "ஒங்களை வாங்கிப் போட்டிருந்தா எனக்கு இப்ப ஏகப்பட்ட நஷ்டம்கா, பாதி ஆளைக் காணோமே" என்று கிண்டல் வேறு.

மறுபடி எடை பார்த்துப் பரிசோதிக்க டாக்டரம்மா கொடுத்திருந்த தேதி நெருங்கியது. அதற்கு மூன்று நாள் முன்னால் தராசில் ஏறினாள். டாக்டரம்மா சொன்ன எடைக்கு வர இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதிகமில்லை, ஒரு சின்ன மூட்டை அளவுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க முள் ஒரே இடத்தில் முரண்டு பிடித்து நின்றது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேதி தவறினால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்குத் தெரியும்? தம்பியின் கழுத்துக் குழாயைச் சுற்றிச் சிவந்திருக்கிறது என்று அன்று காலையில்தான் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் வேறொருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் கொண்டுவந்த பேப்பர் கட்டு ஈரமாக இருந்தது.

"யார்கிட்ட காது குத்தற? தண்ணியைத் தெளிச்சுக் கொண்டாந்தா எடை கூடத்தான் கூடும். ரெண்டு நாள் வெயில்ல போடு, கட்டு பாதியா எறங்கும். எனக்குப் பேப்பர் வேணும், தண்ணிக்கு நான் வெலை குடுக்க முடியாது."

லிப்ட் அக்கா தராசிலிருந்து இறங்காமலே நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர்தான் எடை. இது இத்தனை நாள் தன் மரமண்டையில் ஏறவில்லையே என்று நினைத்தாள். சாப்பாட்டைக் குறைத்தாகிவிட்டது, இன்னும் குறைக்க ஒன்று மீதி இருக்கிறது. அதற்கு ஒரு காசு செலவில்லை. அதோடு, தண்ணீர் இல்லாமல் இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் உண்டா? அவள் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனாள்.

வேலை நேரத்தில் குடிக்காதவள், வீட்டிலும் குடிப்பதை நிறுத்தினாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். பழைய கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க நடந்தாள். இப்படி இரண்டு நாள் ஓடியது. பரிசோதனைக்கு முந்தின நாள், லிப்டின் இரும்புக் கயிற்றை மாற்ற ஆட்கள் வந்து, கதவில் பலகையைத் தொங்கவிட்டார்கள். மேனேஜர் அவளைப் பார்த்து, "போயிட்டு நாளன்னிக்கு வாங்க" என்றார். யாராக இருந்தாலும் விட்டது தொல்லை என்று போயிருப்பார்கள்.

"சார், மேல போற சாமானெல்லாம் நானே தூக்கிட்டுப் போறேன் சார்."

"ஒங்களுக்கென்ன பைத்தியமா?"

"கொஞ்சம் எளைக்கணும் சார்."

காகிதக் கட்டு, பைல் மூட்டை, குடிதண்ணீர் கேன் என்று எது வந்தாலும் தோளில் ஏற்றினாள். ஊர் தண்ணீரையெல்லாம் தோளில் சுமந்தவள் ஒரு சொட்டு வாயில் விடவில்லை. ஜன்னல் இல்லாத படிக்கட்டு, உள்ளே கம்பளி. மத்தியானத்துக்கு மேல் தொடை கல்லாக இறுகியது. தோள் வலித்த வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் பயந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரோடு குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு வாய் குடிச்சுட்டு ஏறு தாயி. மூஞ்சி செத்துப்போயிருக்கு."

"நாளைக்கு இந்நேரம் ஒரு கொடம் குடிக்கிறேண்ணே. இன்னிக்கு வேணாம்."

சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, பின்பக்கமாகத்தான் படியிறங்க முடிந்தது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. நாளையோடு எல்லாம் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் தம்பி பெண்டாட்டி கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, மெஷினில் ஏறினாள். முள் ஆடியது, நின்றது. டாக்டரம்மா கேட்ட எடைக்கும் கீழே!

"அட, ஜெயிச்சுட்டீங்களே!" என்று நர்ஸ் கையைத் தட்டினாள்.

தம்பி பெண்டாட்டி, அண்ணியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லிப்ட் அக்காவுக்குச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு வலித்தது. நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டு, சிறுநீருக்கு ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்பினாள். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது டப்பாவில் அடியில் கொஞ்சம் இருந்தது. பால் விடாத டீயின் நிறம்.

நர்ஸின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வேகமாக உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ணீங்க? தண்ணி குடிச்சு எத்தனை நாளாச்சு?"

"எடை எறங்கணுமே டாக்டர். தண்ணியும் எடைதானே?"

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். ரத்த முடிவு வந்ததும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். வறண்டுபோன உடம்பில் அளவுக்கு மீறிப் பாரம் தூக்கியதில் சதை சிதைந்திருக்கிறது. சிதைந்ததெல்லாம் ரத்தத்தில் கலந்து கிட்னியில் போய் அடைத்திருக்கிறது. கிட்னி அடிவாங்கியிருக்கிறது.

"எந்தக் கிட்னி டாக்டர்? தம்பிக்குக் குடுக்கறதா?"

"ரெண்டும்தாம்மா."

"எப்ப சரியாகும்?"

"அனேகமா தேறிடுவீங்க. ஆனா முழுசாத் தேறிச்சான்னு மாசக்கணக்கா பாக்கணும். அதுக்கப்புறமும் ஒங்ககிட்டேருந்து எடுக்க ஒத்துப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. இப்ப குடுக்கற பேச்சே இல்ல. ஒங்களைக் காப்பாத்தறதுதான் வேலை."

"அவனுக்கு அவ்ளோ நாள் தாங்குமா டாக்டர்?"

டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து, பாட்டில் சரியாகச் சொட்டுகிறதா என்று பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார். லிப்ட் அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஊளையிட்டாள். அடுத்த கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

மறுநாள் தம்பி வந்தான். அதே ஆஸ்பத்திரியில், கீழே மெஷினிலிருந்து இறங்கி, கழுத்துக் கட்டோடு பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே வந்திருந்தான். அவள் வாசலோடு நின்றுவிட்டாள். அண்ணியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தம்பி மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"நல்லா எளைச்சுட்ட. இனிமே ஒனக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. "நான் ஒன்னைக் கொன்னுட்டேன்டா" என்றாள்.

"ஒளறாத."

அந்த நேரம் நர்ஸ் ஒரு பெரிய ஜக்கு நிறையத் தண்ணீரையும் தம்ளரையும் கொண்டுவந்து வைத்தாள். "நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணுக்கு நல்லாப் போகுது, இனிமே வாய் வழியாவும் குடிக்கலாம். இதை முடிச்சாகணும். முடிச்சதும் இன்னொண்ணு தருவேன்" என்று அதட்டிவிட்டுப் போனாள்.

லிப்ட் அக்கா தண்ணீரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவனுக்குச் சிறுநீர் பிரிவது எப்போதோ நின்றுவிட்டது. குடித்தால் நெஞ்சில் தேங்கி மூச்சை அடைக்கும் என்று, ஒரு நாளைக்கு ஒரு சின்னத் தம்ளர்தான் அவனுக்கு அளவு. மாத்திரை விழுங்கவே அது போய்விடும். வெயில் நாளில் அவன் ஈரத்துணியை உதட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். குளிக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்கிறவன் அவன்.

"நீ வீட்டுக்குப் போடா. அப்புறம் குடிச்சுக்கிறேன்."

"எம்முன்னாலயே குடி."

"முடியாதுடா. ஒனக்கு முன்னால என்னால முடியாது."

அவன் தம்ளரை நிரப்பினான். விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் அவன் விரல்களில் வழிந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு கையால் அவள் பிடரியைத் தாங்கி, தம்ளரை அவள் உதட்டில் வைத்தான்.

"குடிக்கா. ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் போனப்புறம் இவளையும் கொழந்தையையும் யாரு பாத்துப்பா?"

அவள் குடித்தாள். ஒவ்வொரு மிடறாக அவள் விழுங்க விழுங்க, அவன் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. தம்ளர் காலியானதும் அவன் ஜக்கைச் சாய்த்து மறுபடியும் நிரப்பினான்.